40 லிட்டர் கூல் ஜக்: ஐஸ் கணக்குப் போட்டுப் பார்த்து எழுதிய விமர்சனம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரமாக வாங்கப் போகிறவர்களுக்கு அது போதும். கடையிலோ பட்டறையிலோ வயலிலோ வீட்டு விசேஷத்திலோ 30, 40 லிட்டர் தண்ணீர் காலையிலிருந்து சாயங்காலம் வரை சில்லென்று இருக்க வேண்டும் என்றால் இந்த ஜக்கைத் தாராளமாக வாங்கலாம், போட்ட பணம் ஒரு கோடையிலேயே திரும்பிவிடும். ஆனால் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம், வருகிறவர்களுக்கெல்லாம் விடாமல் ஊற்றிக்கொடுக்கப் போகிறோம் என்றால் இது உங்கள் ஐஸ் செலவைப் பெரிதாகக் குறைக்காது. அந்த இடத்தில் ஐஸை எதனால் மிச்சம் பிடிக்கலாம் என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன். ஒரே சாமானுக்கு இரண்டு தீர்ப்பு எதற்கு என்றால், ஐஸை உருக்குகிற வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இரண்டு இடத்திலும் அது வேறு வேறு வழியாக வருகிறது.

சாமான் எல்லோரும் பார்த்ததுதான். கல்யாண மண்டபத்தில், கட்சிக் கூட்டத்தில் நீல நிறத்தில் நிற்குமே, இரட்டைச் சுவர் பிளாஸ்டிக், நடுவில் ஃபோம், மேலே திருகு மூடி, கீழே ஒரு டேப், பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனிப் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன், நான் செய்த சோதனையை எந்தக் கம்பெனி ஜக்கிலும் நீங்களே செய்து பார்க்கலாம், அதுதான் எனக்கு முக்கியம். கடை அண்ணாச்சி, "காலைல ஐஸப் போட்டா ராத்திரி வரைக்கும் அப்படியே கெடக்கும் தம்பி" என்றார். அது எந்த அளவுக்குச் சரி என்று தெர்மாமீட்டரும் தராசும் வைத்துப் பார்த்ததுதான் இந்த விமர்சனம்.

நான் பாளையங்கோட்டையில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். எங்கள் தெருவில் சித்திரை, வைகாசியில் நீர்மோரும் பானகமும் கொடுக்கிற வழக்கம் உண்டு, ஆனித் தேர் அன்று டவுனில் ரத வீதிப் பக்கம் பந்தல் போடுகிறவர்களோடும் சேர்ந்துகொள்வோம். இதிலெல்லாம் காலங்காலமாக ஐஸை உத்தேசமாகத்தான் சொல்வது. "ஒரு பார் சொல்லிருவோம்லா, பத்தலைன்னா பாப்போம்" என்பதோடு திட்டம் முடிந்துவிடும். அப்புறம் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் வெதுவெதுப்பாகி ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு ஓடுவார், இல்லையென்றால் சாயங்காலம் மீந்துபோன ஐஸ் வாறுகாலில் உருகி ஓடும். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்துத் தேறிய கணக்கு, ஐஸ் வாங்கப் போகும்போது மட்டும் ஒருவருக்கும் ஞாபகம் வருவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கணக்குக்கு இரண்டே எண்கள் போதும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1 கிலோகலோரி வேண்டும், அதாவது ஏறக்குறைய 4.18 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ், 0 டிகிரியிலேயே இருந்துகொண்டு, வெறுமனே தண்ணீராக மாறுவதற்கு மட்டும் 80 கிலோகலோரி வேண்டும், அதாவது 334 கிலோஜூல். பிள்ளைகள் பரீட்சையில் ஜூலில்தான் எழுத வேண்டும், ஆனால் பந்தலில் நின்றுகொண்டு போடுவதற்கு 1, 80 என்ற இரண்டு எண்களும் வாய்க்கணக்குக்கே வசதி, அதனால் இங்கே முழுக்கக் கிலோகலோரியிலேயே போகிறேன்.

இந்த 80 எவ்வளவு பெரிய எண் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது விழுங்குகிற அதே வெப்பத்தை ஒரு கிலோ 0 டிகிரித் தண்ணீருக்குக் கொடுத்தால் அது 80 டிகிரிக்குப் போய்விடும், விரலை வைக்க முடியாது. ஐஸுக்கோ அவ்வளவையும் கொடுத்த பிறகும் தெர்மாமீட்டர் 0-வைவிட்டு நகர்வதில்லை, கட்டி தண்ணீராகியிருக்கிறது, அவ்வளவுதான். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதைத்தான் கவனித்தார். உருகுகிற நிலைக்கு வந்த ஐஸுக்கு இன்னும் கொஞ்சம் வெப்பம் கொடுத்தால் போதும், மொத்தமும் உருகிவிடும் என்று அதுவரை பொதுவாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரே எடைக்கு ஐஸும், ஏறக்குறைய ஐஸ் அளவுக்கே குளிர்ந்த தண்ணீரும் எடுத்து ஒரே கூடத்தில் வைத்தார். தண்ணீர் சில டிகிரி ஏற அரை மணி நேரம் ஆனது, ஐஸ் உருகி அதே சூட்டுக்கு வந்து சேர பத்தரை மணி நேரம் ஆனது. கூடத்துக் காற்று இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் வெப்பம் கொடுத்துக்கொண்டிருந்தது என்றால் அந்தப் பத்து மணி நேர வெப்பம் எங்கே போனது? அந்தக் கேள்வியிலிருந்துதான் உள்ளுறை வெப்பம், அதாவது டிகிரி ஏறாமல் உருகுவதற்கு மட்டுமே செலவாகிற வெப்பம், என்ற கருத்து வந்தது. ஐஸை வெந்நீரில் போட்டும் அவர் அளந்து பார்த்தார், இன்றைய 80-க்கு மிக நெருக்கமாகவே அவருக்கு வந்தது. மின்சாரம் இல்லாத காலத்தில், சாதாரண தெர்மாமீட்டரையும் தராசையும் வைத்துக்கொண்டு செய்த வேலை இது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடிக்கொண்டேதான் போகிறது.

சரி, ஜக்குக்கு வருகிறேன். மாடித் தொட்டித் தண்ணீர் 30 லிட்டர் ஊற்றினேன், 34 டிகிரி காட்டியது. கத்திரி வெயில் நாளில் நம் ஊரில் காலைப் பத்து மணிக்கு மாடித் தொட்டியில் வருவதைக் குளிர்ந்த தண்ணீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வெந்நீரில் பாதி. அதில் உடைத்த ஐஸ் 6 கிலோ, தொங்கு தராசில் நிறுத்துப் போட்டேன். போடுவதற்கு முன்னாலேயே பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லியிருந்தேன். தண்ணீரிடம் 0 டிகிரிக்கு மேலே இருக்கிற வெப்பம் 30 பெருக்கல் 34, அதாவது 1,020. ஐஸ் உருகுவதற்கே 6 பெருக்கல் 80, அதாவது 480 போய்விடும். மிச்சம் 540. அதை இப்போது ஜக்கில் இருக்கிற மொத்தம் 36 கிலோ தண்ணீரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், 540-ஐ 36-ஆல் வகுத்தால் 15 டிகிரி. இதே 6 கிலோவை ஐஸாகப் போடாமல் 0 டிகிரித் தண்ணீராக ஊற்றியிருந்தால் 1,020-ஐ 36-ஆல் வகுக்க வேண்டும், 28 டிகிரிக்குத்தான் வந்திருக்கும். 28-க்கும் 15-க்கும் நடுவில் இருப்பது முழுக்க அந்த 80 செய்கிற வேலை. பிள்ளைகளில் பாதிப் பேர் முதலில் இந்த 480-ஐக் கழிக்க மறந்துவிட்டு 28 என்று எழுதினார்கள், பரீட்சையில் மார்க் போவதும் இதே இடத்தில்தான்.

ஐஸ் எல்லாம் கரைந்ததும் நீளக் கரண்டியால் நன்றாகக் கலக்கிவிட்டு அளந்தால் 16.2 காட்டியது. கணக்கு 15, கையில் வந்தது 16.2. இந்த 1.2 டிகிரியை விட்டுவிடக் கூடாது, ஜக்கைப் பற்றிய முதல் சேதி அதில்தான் இருக்கிறது. 36 கிலோவுக்கு 1.2 டிகிரி என்றால் 43 கிலோகலோரி எங்கிருந்தோ வந்திருக்கிறது. உள் சுவர் பிளாஸ்டிக்கும் 34 டிகிரியில்தானே இருந்தது, அதுவும் குளிர வேண்டும். அது ஏறக்குறைய இரண்டு கிலோ இருக்கும், பிளாஸ்டிக்கை ஒரு டிகிரி குளிர்விக்கத் தண்ணீருக்கு ஆவதில் சுமார் பாதி ஆகும் என்று வைத்தால் 19 கிலோகலோரிக்குப் பக்கத்தில் வருகிறது. மிச்சம் 24-க்குக் காரணம் பெரும்பாலும் ஐஸின் ஈரமாக இருக்கும். சாக்கில் கட்டி வந்த ஐஸை உடைத்துத் தராசில் போடும்போது அதில் சொட்டிக்கொண்டிருக்கிற தண்ணீரும் சேர்ந்துதான் 6 கிலோ. அதில் 300 கிராம் ஏற்கெனவே தண்ணீராகியிருந்தால் அந்த 300 கிராமின் 80 மடங்கு நமக்குக் கிடைக்கவே கிடைக்காது, 0.3 பெருக்கல் 80, சரியாக 24. ஆக ஜக் இந்தப் பகுதியில் தேறிவிட்டது. தன் பங்குக்கு அது எடுத்துக்கொண்டது அரை டிகிரிதான், இந்த அளவு சாமானுக்கு அது நியாயம்.

அடுத்தது உண்மையான சோதனை, குளிரை எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்பது. யாரும் டேப்பைத் திறக்கக் கூடாது என்று சொல்லி, வெளியே காற்று 37 டிகிரி இருந்த ஒரு மதியத்தில் திண்ணை நிழலில் நிறுத்தி வைத்தேன். நாலு மணி நேரத்தில் 3 டிகிரி ஏறியது. 36 கிலோவுக்கு 3 டிகிரி என்றால் 108 கிலோகலோரி, மணிக்கு 27. வாட்டில் சொன்னால் 31 வாட், ஒரு சின்ன குண்டு பல்பு உள்ளே விடாமல் எரிகிற அளவு வெப்பம் சுவர் வழியாகவும் மூடி வழியாகவும் கசிகிறது. (ஏசி வாங்கும்போது ஒரு டன், ஒன்றரை டன் என்கிறார்களே, அதுவும் ஐஸ் கணக்கிலிருந்து வந்ததுதான். 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸ் ஒரு நாளில் உருகி எடுக்கிற வெப்பம்தான் ஒரு டன், மணிக்கு 3,024 கிலோகலோரி. அதோடு பார்த்தால் ஜக்கின் கசிவு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.)

ஒப்பிட வேண்டுமே என்று, ஏறக்குறைய அதே அளவு எவர்சில்வர் டிரம்மில், அதே 36 கிலோ, அதே 16 டிகிரித் தண்ணீரை அதே திண்ணையில் வைத்தேன். அது ஒரே மணி நேரத்தில் 3.3 டிகிரி ஏறிவிட்டது, 120 கிலோகலோரி. ஜக்கைவிட நாலு மடங்குக்கும் மேல். டிரம் வெளியே வேர்த்து, கீழே தண்ணீர் தேங்கி நின்றது. இந்த வேர்வையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிரம் வேர்த்தால் நல்ல குளிர்ச்சி என்று சந்தோஷப்படுகிறவர்கள் நிறைய. காற்றில் ஆவியாக இருந்த தண்ணீர் டிரம்மின் தோலில் திரும்பத் தண்ணீராகும்போது கிலோவுக்கு 580 கிலோகலோரி அளவுக்கு வெப்பத்தை விட்டுவிட்டுப் போகிறது. அந்த வெப்பத்தில் பெரும்பகுதி நேரே டிரம்முக்குள்தான் இறங்கும். 100 கிராம் வேர்வை, அரை டம்ளர்தான் வரும், அது 58 கிலோகலோரியை உள்ளே தள்ளப் பார்க்கிறது, 700 கிராமுக்கு மேல் ஐஸை உருக்க அது போதும். ஜக் வெளியே வேர்க்கவே இல்லை, கையை வைத்தால் உலர்ந்திருக்கிறது. இந்தச் சாமானில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இப்போது இதை ஐஸாகவும் ரூபாயாகவும் மாற்றிப் பார்ப்போம். தண்ணீரை 16 டிகிரியிலேயே நிறுத்தி வைக்க வேண்டும் என்றால், போடுகிற ஒவ்வொரு கிலோ ஐஸும் உருக 80, பிறகு 0-லிருந்து 16-க்கு ஏற இன்னொரு 16, ஆக 96 கிலோகலோரி எடுக்கும். ஜக்குக்கு மணிக்கு 27 என்றால் 280 கிராம் ஐஸ். டிரம்முக்கு 120 என்றால் ஒன்றேகால் கிலோ. எட்டு மணி நேரத்துக்கு ஜக்கில் இரண்டேகால் கிலோ, டிரம்மில் பத்து கிலோ. நான் ஐஸ் வாங்குவது கிலோ 8 ரூபாய், ஒரு நாளைக்கு 62 ரூபாய் மிச்சம், 3,800 ரூபாய் இரண்டு மாதத்தில் வந்துவிடும். மெக்கானிக் பட்டறை, வாழைக்காய் லோடு ஏற்றுகிற இடம், நடவு நடக்கிற வயல், இங்கெல்லாம் ஒரு ஜக் தண்ணீர் நாள் முழுக்க ஓடுகிறது, அங்கே செலவாகிற ஐஸில் பெரும்பகுதி கசிவை ஈடுகட்டத்தான் போகிறது. அதை நாலில் ஒரு பங்காகக் குறைக்கிற சாமானுக்குப் பணம் கொடுக்கலாம்.

பந்தலில் கதையே வேறு. தேர் ஓடுகிற அன்று மணிக்கு முந்நூறு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள், 60 லிட்டர். போகப் போக 34 டிகிரிப் புதுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் ஒவ்வொரு லிட்டரையும் 16-க்கு இறக்க 18 கிலோகலோரி எடுக்க வேண்டும், 18-ஐ 96-ஆல் வகுத்தால் 188 கிராம் ஐஸ். மணிக்குப் பதினொன்றேகால் கிலோ. இதன் பக்கத்தில் ஜக்கின் 280 கிராமையும் டிரம்மின் ஒன்றேகால் கிலோவையும் வைத்துப் பாருங்கள். எவ்வளவு விலை உயர்ந்த ஜக் வாங்கினாலும் மிச்சம் மணிக்கு ஒரு கிலோ, மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. உங்கள் ஐஸை உருக்குவது வெளிக்காற்று இல்லை, நீங்கள் ஊற்றுகிற தண்ணீர்தான்.

அதனால் பந்தல்காரர்கள் கவனிக்க வேண்டியது ஊற்றுகிற தண்ணீரின் சூடு. விடியற்காலையில் பிடித்து நிழலில் மூடி வைத்த தண்ணீர் 28 டிகிரி இருக்கும் என்றால் லிட்டருக்கு 125 கிராம் ஐஸ் போதும், மூன்றில் ஒரு பங்கு அப்படியே மிச்சம். ராத்திரியே காருகுறிச்சி மண்பானையில் ஊற்றி, காற்றோட்டமாக வைத்தால் காலையில் 26 வரைக்கும் இறங்குகிறது, லிட்டருக்கு 104 கிராம். பானையின் மேல் தோலில் கசிந்து ஆவியாகிற ஒவ்வொரு லிட்டரும் அந்த 580-ஐ வெளியே எடுத்துக்கொண்டு போகிறது, ஏழு கிலோ ஐஸ் உருகுவதற்குச் சமம், மண்ணுக்குள் இவ்வளவு பெரிய குளிர்சாதனம் இருக்கிறது என்பது நம் ஆச்சிகளுக்குத் தெரிந்திருந்தது. பானை தனியாக 16-க்கு இறக்காது, காற்றின் ஈரத்தைப் பொறுத்து ஓர் இடத்தில் நின்றுவிடும், ஆனால் முதல் எட்டு டிகிரியைக் காசில்லாமல் இறக்கிக் கொடுக்கிறது. மதியம் ஒரு மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து 42 டிகிரித் தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றினால் லிட்டருக்கு 270 கிராம் ஐஸ் வேண்டும், பானைத் தண்ணீரைவிட இரண்டரை மடங்கு. என்னைக் கேட்டால் பந்தலுக்கு இன்னொரு ஜக் வாங்குகிற காசில் பெரிய பானைகள் நாலைந்து வாங்கலாம்.

ஐஸ் எவ்வளவு சொல்வது என்று கேட்கிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுப்பது ஒரே வரி. தண்ணீரின் லிட்டரை, இறக்க வேண்டிய டிகிரியால் பெருக்குங்கள், 80-உடன் கடைசியில் வேண்டிய டிகிரியைக் கூட்டி அதால் வகுங்கள், வந்ததோடு பத்தில் ஒரு பங்கு சேருங்கள். 200 லிட்டர் பானகம், 32-லிருந்து 18-க்கு இறங்க வேண்டும் என்றால் 200 பெருக்கல் 14, வகுத்தல் 98, இருபத்தெட்டரை கிலோ, ஈரத்துக்கும் அண்டாவுக்கும் சேர்த்து 32 கிலோ சொன்னால் சரியாக இருக்கும். இன்னொன்று, அந்த ஐஸ் முழுக்கத் தண்ணீராகப் பானகத்துக்குள்தான் போகிறது. 200 லிட்டருக்குக் கருப்பட்டி போட்டால் கடைசியில் 230 லிட்டர் சப்பென்ற பானகம்தான் கிடைக்கும், அதனால் கருப்பட்டி, சுக்கு, ஏலம் எல்லாம் 230-க்குக் கணக்குப் பண்ணிப் போட வேண்டும். நீர்மோருக்கு உப்பும் இப்படித்தான்.

நிறுத்து வாங்குவது முக்கியம். ஓர் ஐஸ் கம்பெனியில் பாதி பார், 25 கிலோ என்று கொடுத்ததைத் தராசில் தொங்கவிட்டால் 19 கிலோதான் நின்றது. வழியில் உருகியது கொஞ்சம் இருக்கும், ஆனால் ஆறு கிலோ உருகுவதற்கு 480 கிலோகலோரி வேண்டும், சாக்குப் போட்டு மூடி ஆட்டோவில் அரை மணி நேரத்தில் வந்த கட்டிக்குள் அவ்வளவு வெப்பம் போயிருக்க வழியில்லை. இப்போது வேறு இடத்தில் வாங்குகிறேன், நம் கண்முன்னால் நிறுத்துக் கொடுக்கிறார்கள், கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடத்தான், அது பரவாயில்லை. மீனுக்கு என்று தயாரிக்கிற ஐஸைக் குடிக்கிற தண்ணீரில் போடாதீர்கள். எந்தத் தண்ணீரில் உறைய வைத்தது என்று சந்தேகம் இருந்தால் மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்குவாளியில் ஐஸை அடைத்து ஜக்குக்குள் இறக்கிவிடுங்கள், கொஞ்சம் மெதுவாகக் குளிரும், எடுக்கிற வெப்பம் அதேதான், பானகமும் நீர்த்துப்போகாது. வீட்டு ஃப்ரீசரில் மைனஸ் 15-ல் உறைந்த கட்டி நல்லதா என்றால், ஐஸை ஒரு டிகிரி ஏற்ற அரை கிலோகலோரிதான் ஆகும், 15 டிகிரிக்கு ஏழரை, 80 இருக்கிற இடத்தில் இது சின்னக் கொசுறு.

பெரிய கட்டியா உடைத்ததா என்ற சண்டை எங்கள் தெருவில் வருஷா வருஷம் நடக்கும். மொத்தக் குளிர்ச்சியில் வித்தியாசமே கிடையாது, ஒரு கிலோ என்றால் ஒரு கிலோதான். வேகத்தில்தான் வித்தியாசம், உடைத்தால் தண்ணீர் தொடுகிற பரப்பு கூடுகிறது, சீக்கிரம் உருகுகிறது. காலையில் முதல் இறக்கத்துக்கு உடைத்த ஐஸும், பிறகு பிடித்து நிறுத்துவதற்கு ஒரு பெரிய கட்டியும் போடுவது நல்ல ஏற்பாடு. ஐஸ் மேலே மிதக்கட்டும், அமுக்கி வைக்க வேண்டாம், 4 டிகிரிக்கு மேலே இருக்கிறவரை குளிர்ந்த தண்ணீர் கனம் கூடிக் கீழே இறங்குவதால் டேப்பில் வருவது நல்ல சில்லென்றுதான் வரும். அந்த வகையில் டேப்பைக் கீழே வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் விமர்சனம் ஆகாது. பெரிய குறை மூடி. சுவரில் ஃபோம் இருக்கிறது, மூடியில் ஒன்றுமே இல்லை, தட்டினால் கூடாகச் சத்தம் வருகிறது. உள்ளே சரியாகப் பொருந்துகிற மாதிரி தெர்மாகோல் வட்டம் வெட்டி, உணவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் தாளில் நன்றாகச் சுற்றி மூடிக்கு அடியில் கட்டினேன், அதே திண்ணையில் நாலு மணி நேரத்துக்கு 3 டிகிரி ஏறியது 2 டிகிரியாகக் குறைந்துவிட்டது. 31 வாட் கசிவில் 10 வாட் மூடி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சில ரூபாய் ஃபோமைக் கம்பெனிக்காரர்களே வைத்திருக்கலாம், இதை மன்னிக்க எனக்கு மனமில்லை. டேப் அடித் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் இருப்பதால் கடைசி ஒன்றரை லிட்டர் வெளியே வராது, சாய்த்துத்தான் பிடிக்க வேண்டும், நிறைந்த ஜக்கைத் தனியாளாகத் தூக்கவும் முடியாது, 40 கிலோவுக்கு மேல் கனம். புதிதில் பிளாஸ்டிக் வாடை இருந்தது, சோடா உப்புக் கரைசலை ஒரு ராத்திரி ஊற வைத்துக் கழுவியதும் போய்விட்டது. உள்ளே கையை விட்டுத் தேய்க்க வாய் அகலமாக இருப்பது நல்ல விஷயம், பானகம் ஊற்றிய அன்றே கழுவிவிட வேண்டும்.

அண்ணாச்சி சொன்ன "ராத்திரி வரைக்கும் அப்படியே கெடக்கும்" என்பதற்கு வருகிறேன். 30 லிட்டர், 34 டிகிரியில் ஐஸ் கரையாமல் மிஞ்ச வேண்டும் என்றாலே பன்னிரண்டே முக்கால் கிலோவுக்கு மேல் போட வேண்டும், அதற்குக் கீழே எவ்வளவு போட்டாலும் மொத்தமும் உருகியே தீரும், எந்த ஜக்காலும் தடுக்க முடியாது. 15 கிலோ போட்டால் இரண்டேகால் கிலோ மிதந்துகொண்டு தண்ணீர் 0 டிகிரியில் நிற்கும். ஆனால் அப்போது வெளியே 37, உள்ளே 0, வித்தியாசம் கூடக் கூடக் கசிவும் கூடும், மணிக்கு 50 கிலோகலோரி வரை போகலாம், அந்த இரண்டேகால் கிலோவும் மூன்றரை மணி நேரத்தில் கரைந்துவிடும். அதோடு அவ்வளவு குளிர்ந்த தண்ணீரை வெயிலில் நடந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் எனக்கு விருப்பமில்லை, பெரியவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். 16, 18 டிகிரிதான் எல்லோரும் டம்ளரைக் காலி செய்கிற குளிர்ச்சி.

வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 20 லிட்டரும் இருக்கிறது, ஆனால் தண்ணீர் பாதியாகக் குறையும்போது சுவர்ப் பரப்பு பாதியாகக் குறைவதில்லை, அதனால் சின்ன ஜக் லிட்டர் கணக்கில் பார்த்தால் சீக்கிரமே சூடாகும், இடம் இருந்தால் 40-ஐயே எடுங்கள். கடையிலேயே ஜக்கில் தண்ணீர் ஊற்றச் சொல்லி டேப் சொட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள், எனக்கு வந்ததில் வாஷர் லூசாக இருந்து இரண்டாம் வாரமே சொட்ட ஆரம்பித்தது. உதிரி வாஷர் சைஸ் வெளியே ஹார்டுவேர் கடையில் கிடைக்கவில்லை, அதே பாத்திரக் கடையில்தான் கேட்டு வாங்கினேன், அதனால் ஜக்கோடு சேர்த்தே இரண்டு வாஷர் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.